கருவிக்கும் வரி, வழிக்கும் வரி

சென்ற வாரம் மன்றோவின் ரயத்துவாரி முறையில் நின்றோம். நிலவரி என்றால் நம் வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. நிலமே இல்லாதவரிடம் அரசு என்ன வாங்கியது என்று தேடினால் ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. தறியும் செக்கும் உலையும் வைத்துப் பிழைத்தவர்கள், தலைச்சுமையாகப் பண்டம் விற்றவர்கள், பொதிமாடு ஓட்டி ஊர் ஊராகப் போனவர்கள் என்று பெரிய கூட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. இந்த வாரம் அவர்களுடைய கதை.

1852இல் சென்னை சுதேசி சங்கம் என்ற புதிய அமைப்பு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் மறு ஆண்டு புதுப்பிக்கப்பட இருந்த நேரம் அது. சங்கத்தைத் தொடங்கியவர் கஜுல லட்சுமிநரசு செட்டி. அவுரியும் துணியும் விற்ற வணிகக் குடும்பம் அவருடையது. ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை 1844 முதல் நடத்தி வந்தவர். சந்தையில் பொருள் எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்பது அவருக்குப் புத்தகப் படிப்பால் வந்த அறிவல்ல. மனுவில் நிலவரியைப் பற்றி நிறைய இருந்தது. ஆனால் எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது ‘மோதர்பா’ பற்றிய பகுதிதான்.

மோதர்பா என்பது தொழில் மீதான வரி. நெசவாளர், தச்சர், எல்லா வகை உலோக வேலை செய்பவர்கள், கடை வைத்திருப்பவர், கடையில்லாமல் சாலையோரம் விரித்து விற்பவர் எல்லாரும் அதில் அடக்கம். கடை இருந்தால் கடைக்குத் தனியாக ஒரு வரி. சிலர் தங்கள் கருவிக்காகக் கட்டினார்கள், சிலர் விற்பதற்கான அனுமதிக்காகக் கட்டினார்கள். தொழிலாளி கையிலிருக்கும் மிக மலிவான கருவிக்கும் வரி உண்டு என்றும், பல நேரங்களில் அந்தக் கருவியின் விலையைப் போல ஆறு மடங்கை வரியாகக் கட்டிய பிறகே அதைப் பயன்படுத்த முடிகிறது என்றும் மனு முறையிட்டது.

கைத்தொழிலுக்கு வரி போடுவதைக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் என்று நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பல்லவரும் சோழரும் வாங்கினார்கள். விஜயநகரமும் நாயக்கர்களும் வாங்கினார்கள். ஆற்காட்டு நவாபும் வாங்கினார். கம்பெனி நவாபிடமிருந்து நாட்டைப் பெற்றபோது இந்த வரியையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது. இதைச் சொல்லி, பழைய வழக்கத்தைத்தானே தொடர்ந்தார்கள் என்று வாதிடுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வரியின் பெயர் மாறவில்லை என்பதால் அதன் பாரமும் மாறவில்லை என்று ஆகிவிடாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தறிக்கு வரி கட்டிய நெசவாளருக்கு வாங்குபவர் இருந்தார். கம்பெனியே பெரிய கொள்முதல்காரர். முன்பணம் கொடுத்துத் துணி வாங்கியது. அந்த முன்பணத்தில் எத்தனை கொடுமை இருந்தாலும், தறியில் பாவு ஏறியது. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் வணிகத்தை முடித்து வைத்தது. அதன் பிறகு கம்பெனி துணி வாங்குவதில்லை. ஆட்சி மட்டுமே நடத்தியது. அதே காலத்தில் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கொள்முதல் போயிற்று, போட்டி வந்தது, தறி வரி மட்டும் அப்படியே நின்றது.

வரியின் தொகையைவிட அது விழும் இடத்தைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். விளைச்சலில் பங்கு கேட்டால், விளைந்தால் கொடுக்கலாம். லாபத்தில் பங்கு கேட்டால், லாபம் வந்த பின் கொடுக்கலாம். தறி மீது வரி என்றால், பாவு ஏற்றுவதற்கு முன்பே கடன் விழுந்துவிடுகிறது. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரி ஓடும். மகனுக்குக் கல்யாணமாகி வீட்டில் இரண்டாம் தறி போடலாம் என்று ஒரு நெசவாளர் நினைத்தால், அவர் முதலில் யோசிக்க வேண்டியது நூல் விலையை அல்ல, இரண்டாம் தறிக்கான வரியை. வளர நினைப்பவரைத் தேடிப் பிடித்து வாங்கும் வரி இது. ஒரு நாட்டில் தொழில் பெருகாமல் இருக்க வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேண்டியதில்லை.

வரி விகிதம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியது. ஒரே மாவட்டத்திலும் ஊருக்கு ஊர் மாறியது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதில் கீழ்மட்ட அலுவலரின் விருப்பத்துக்கு நிறைய இடம் இருந்தது. பணக்காரரைவிட ஏழையின் மீதே இது அதிகமாக விழுகிறது என்றும், வீடு புகுந்து சோதிப்பதற்கும் மிரட்டிப் பறிப்பதற்கும் இது வழி திறந்து விடுகிறது என்றும் மனு குற்றம் சாட்டியது. வசதியுள்ள வியாபாரி தாசில்தாரின் ஆட்களைச் சரிக்கட்டிக்கொள்ள முடியும். கூடை முடைபவருக்கு அது முடியாது. எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் யாரும் முதல் போட மாட்டார்கள். கனமான வரியைத் தாங்கிக்கொண்டு தழைத்த வணிகங்களை வரலாற்றில் பார்க்கலாம். நிச்சயமில்லாத வரியைத் தாங்கிக்கொண்டு தழைத்ததை நான் எங்கும் படித்ததில்லை.

வசூல் எப்படி நடந்தது என்பதற்கு அரசாங்கமே வெளியிட்ட சாட்சி இருக்கிறது. மனுவுக்குப் பின் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப்போய், வரி கட்டாதவர்களுக்கு நேர்ந்ததைக் காட்டினார். சீமோர் திரும்பிப் போய் 1854இல் நாடாளுமன்றத்தில் பேசினார். அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. ஏறக்குறைய 2000 புகார்கள் வந்தன. நூற்றுக்கணக்கானோர் நேரிலேயே வந்து நின்றார்கள். 1855இல் வெளியான அறிக்கை கிட்டியையும் அண்ணாந்தாளையும் பெயர் சொல்லியே பதிவு செய்தது. கிட்டி என்பது விரல்களை நசுக்கும் மரக்கருவி. அண்ணாந்தாள் என்பது ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. சில அணா, சில ரூபாய் பாக்கிக்காக இவை நடந்தன. நிலவரியோடு ஒப்பிட்டால் மோதர்பாவால் கஜானாவுக்கு வந்தது மிகச் சிறிய தொகை. அந்தச் சிறிய தொகைக்காக ஒரு மாகாணத்தின் கைத்தொழிலாளர் முழுவதும் அஞ்சி வாழ வேண்டியிருந்தது.

* * *

செய்வதற்கு வரி என்றால், செய்ததை எடுத்துப் போகவும் வரி இருந்தது. உள்நாட்டுச் சுங்கம் என்பது அதுதான். இது மூன்று மாகாணங்களிலும் இருந்தது. இதன் கேட்டைத் தெளிவாக எழுத்தில் வைத்தவர் வங்காள நிர்வாகத்தில் இருந்த ஓர் இளம் அதிகாரி, சார்லஸ் டிரெவெலியன். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் மீண்டும் மீண்டும் வருவார்.

1834இல் அவர் எழுதிய அறிக்கை வங்காள மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கத்தைப் பற்றியது. சரக்கு புறப்படும் இடத்தில் சுங்கம் கட்டி ரவானாச் சீட்டு வாங்க வேண்டும். வழியிலுள்ள சௌக்கி ஒவ்வொன்றிலும் சீட்டையும் சரக்கையும் ஒத்துப் பார்ப்பார்கள். சரக்கில் பாதியை ஓர் ஊரில் விற்றுவிட்டால் மீதிக்குச் சீட்டு மாற்ற வேண்டும். விற்காமல் ஓர் ஆண்டு தேங்கினால் சீட்டு காலாவதியாகும். சௌக்கியில் இருப்பவர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு. அவர்கள் வயிறு வளர்த்தது சீட்டில் குறை கண்டுபிடித்துத்தான். மூட்டையை அவிழ்க்கச் சொல்லலாம், அவிழ்த்த பிறகு காக்க வைக்கலாம், மழைக்கு முன் போய்ச் சேர வேண்டிய சரக்கை மழையில் நிறுத்தலாம். அரசுக்குப் போன சுங்கத்தைவிட, போகவிடுவதற்காகக் கைமாறிய பணமும் வீணான நாட்களுமே வணிகரை வாட்டின.

மறு ஆண்டு, 1835 மார்ச்சில், லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த வாரியத்தின் தலைவர் எலன்பரோ பிரபு கம்பெனி இயக்குநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலுள்ள கணக்கை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். இங்கிலாந்துப் பருத்தித் துணி இந்தியாவுக்குள் வர 2½ சதவீதத் தீர்வை. இந்தியத் துணி இந்தியாவிலேயே விற்க, பஞ்சுக்கு 5 சதவீதம், நூலுக்கு 7½ சதவீதம், துணிக்கு 2½ சதவீதம், வெள்ளைத் துணி என்று சீட்டு வாங்கிவிட்டுப் பிறகு சாயம் போட்டால் இன்னொரு 2½ சதவீதம். ஆக 17½ சதவீதம். தோலுக்கும் இதே நிலைமைதான்: பச்சைத் தோலுக்கு 5, பதனிட்ட தோலுக்கு மேலும் 5, செருப்பும் பூட்சுமாகத் தைத்த பின் இன்னொரு 5, ஆக 15 சதவீதம். இப்படி 235 வகைப் பொருட்கள் உள்நாட்டுச் சுங்கத்துக்கு உட்பட்டிருந்தன.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பொருள் எத்தனை கை மாறி, எத்தனை வேலை சேர்ந்து மதிப்புக் கூடுகிறதோ, அத்தனை முறை வரி விழுகிறது. பஞ்சாகவே விற்றுவிட்டால் ஒரு வரியோடு தப்பலாம். நூற்று, நெய்து, சாயமேற்றினால் நான்கு வரி. ஊரில் வேலை பெருகுவதற்கு எந்தப் பாதையில் போக வேண்டுமோ, அந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் சாவடி. மூலப்பொருளை அனுப்பிவிட்டு ஆலைத் துணியை வாங்கும் நாடாக நாம் ஆனதற்கு ஆலை இயந்திரங்களின் வேகத்தை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மைதான்.

வங்காளத்தில் 1836இலும், பம்பாயில் 1838இலும் உள்நாட்டுச் சுங்கம் எடுக்கப்பட்டது. சென்னை மாகாணம் 1844 வரை காத்திருந்தது. இங்கே பல பகுதிகளில் சுங்க வசூல் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவர் குத்தகைதாரர். கட்டிய தொகையையும் அதற்கு மேல் லாபத்தையும் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவரிடம், வணிகம் நீண்ட நாள் தழைக்க வேண்டும் என்ற எண்ணத்தை எதிர்பார்க்க முடியாது. 1844ஆம் ஆண்டு ஆறாம் சட்டம் இந்தச் சுங்கத்தை ஒழித்தபோது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அதே எலன்பரோ. ஆனால் அந்தச் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எடுத்தது. சுங்க வருவாய் போன இடத்தை நிரப்ப, அதே சட்டம் உப்பின் விலையையும் உயர்த்தியது. வணிகர் கட்டியதை இனி கூழ் குடிப்பவர் எல்லாரும் சேர்ந்து கட்டினார்கள்.

சாவடிகள் போனதால் என்ன நடந்தது? தானியமும் பஞ்சும் தடையில்லாமல் போயின. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1856இல், ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியபோது அது எந்தச் சுங்கச் சாவடியிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. இது பெரிய நன்மை. அதே நேரத்தில், தடையில்லாத சாலை எல்லாருக்கும் பொதுவானது. துறைமுகத்தில் இறங்கிய மான்செஸ்டர் துணி மூட்டையும் இப்போது உள்ளூர்ச் சந்தை வரை தடையின்றிப் போனது. நெசவாளரின் கழுத்தை நெரித்த ஒரு கயிறு அறுந்தது, ஆனால் மோதர்பா என்ற மற்றொன்று அப்படியே இருந்தது. சரக்கு போகும் வழியைத் திறந்துவிட்டு, சரக்கு செய்பவரின் கருவிக்குப் போட்ட வரியை மட்டும் இன்னும் பல ஆண்டுகள் வைத்திருந்ததை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. இரண்டையும் 1844இலேயே சேர்த்து நீக்கியிருந்தால் எத்தனை தறிகள் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட இப்போது வழியில்லை. சில ஆயிரம் குடும்பங்களுக்காவது மூச்சுவிட அவகாசம் கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

* * *

இந்தக் காலத்தில் மாகாண அரசுக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைக்கும் பம்பாய்க்கும் இருந்த சட்டமியற்றும் உரிமையைப் பறித்துக் கல்கத்தாவுக்குக் கொடுத்துவிட்டது. கல்கத்தாவின் முன் அனுமதி இல்லாமல் சென்னை கவர்னர் ஒரு புதிய பதவியை உருவாக்கவோ அதற்குச் சம்பளம் தரவோ முடியாது. சென்னையில் வசூலான வரியும் சென்னையின் பணம் அல்ல. சிக்கனமாகச் செலவழித்தால் மிச்சம் கல்கத்தாவுக்கு. அதிகம் கேட்டு வாதாடத் தெரிந்தவருக்கே அதிகம் கிடைக்கும். இங்கே ஒரு வரி தொழிலைக் கெடுக்கிறது என்று இங்குள்ள கலெக்டருக்குத் தெரிந்தாலும், அதை மாற்றும் சாவி ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது.

1857இல் வடக்கே பெருங்கிளர்ச்சி வெடித்தது. சென்னை மாகாணம் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. கிளர்ச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசின் கடன் ஏறத்தாழ 4 கோடி பவுண்டு கூடிப்போயிற்று. இந்தச் சிக்கலைத் தீர்க்க லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து, தொப்பி செய்யும் தொழிலில் தொடங்கி, ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகையை 1843இல் நிறுவியவர்; தடையற்ற வணிகத்துக்காகப் போராடியவர். 1859 இறுதியில் கல்கத்தா வந்தவர் 1860 பிப்ரவரி 18 அன்று இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தார். மூன்று புதிய வரிகள்: வருமான வரி, தொழில் உரிம வரி, புகையிலை வரி. வருமான வரியில் ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவான வருமானத்துக்கு விலக்கு. 500 ரூபாய்க்குக் கீழ் 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம். உரிம வரியாகக் கைவினைஞர் 1 ரூபாய், சில்லறை வியாபாரி 4 ரூபாய், பெரிய வணிகர் 10 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்.

அப்போது சென்னை கவர்னர் யார் தெரியுமா? அதே சார்லஸ் டிரெவெலியன். 1834இல் சுங்கச் சாவடிகளை எதிர்த்து எழுதிய இளைஞர் கால் நூற்றாண்டுக்குப் பின் 1859 மார்ச்சில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக வந்திருந்தார். இடையில் லண்டன் கருவூலத்தின் உயர் அதிகாரியாக இருந்தார். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்ததற்காக அயர்லாந்து மக்கள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கத் தேவையுமில்லை. சென்னைக்காக அவர் நின்ற கதையைச் சொல்லும்போது பட்டினியில் செத்த லட்சக்கணக்கான உயிர்களை மறைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் அவர் ஓர் ஆண்டு சொச்சமே இருந்தார். இன்று ரிப்பன் கட்டடமும் நேரு விளையாட்டரங்கமும் நிற்கும் பகுதியில் மக்கள் பூங்காவை உருவாக்கியது அந்தக் குறுகிய காலத்தில்தான்.

வில்சனின் திட்டம் சென்னைக்கு வந்ததும் டிரெவெலியன் எதிர்த்தார். அவரது வாதத்தின் சாரம் இதுதான்: பற்றாக்குறையைச் செலவைக் குறைத்து அடைக்கலாம், குறிப்பாகப் படைச் செலவைக் குறைக்கலாம், அதைச் செய்யாமல், நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் மூன்று புதிய வரிகளைப் போடுவது ஆபத்து, இந்த மக்களின் நிலைமையும் வழக்கமும் இங்கு ஆட்சி செய்பவர்களுக்குத் தெரியும், அவர்களைக் கேட்க வேண்டும். இதைக் குறிப்பாக எழுதிக் கல்கத்தாவுக்கு அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. தன் குறிப்பையும் சென்னைக் கவுன்சில் உறுப்பினர்களின் குறிப்புகளையும் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். மைய அரசின் வரித் திட்டத்தை ஒரு மாகாண ஆளுநர் பகிரங்கமாக மறுத்தார். லண்டன் அதைப் பொறுக்கவில்லை. அவரைத் திரும்ப அழைத்தது. 1860 நடுவில் அவர் கப்பலேறினார்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், என் பதில் இரண்டாகப் பிரிகிறது. வரி என்ற அளவில் வில்சனின் வருமான வரி மோதர்பாவைவிட எவ்வளவோ மேல். ஏழையை விட்டுவிட்டு, அதுவரை அரசுக்கு அதிகம் கட்டாத பெரிய வணிகரையும் வட்டிக்காரரையும் சம்பளக்காரரையும் அது தொட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளையும் தொட்டது. எதிர்ப்பு அத்தனை உரக்கக் கேட்டதற்கு அதுவும் காரணம். வருமானம் வந்த பின் கேட்பது, கருவியைப் பார்த்ததும் கேட்பதைவிட நியாயமானது. ஆனால் கைவினைஞருக்கு 1 ரூபாய் உரிமம் என்றது மோதர்பாவை வேறு சட்டையில் திரும்பக் கொண்டுவரும் வேலை. ஊரையும் தொழிலையும் அறிந்த மாகாணத்தைக் கலக்காமல், வந்து மூன்று மாதமே ஆன ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுத்தது தவறு. டிரெவெலியன் சரியான இடத்தில் நின்று, தன் பதவிக்கு ஆகாத முறையில் சண்டையிட்டார். அந்த முறையைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதன் பின் நடந்தவை வேகமாக நடந்தன. வருமான வரிச் சட்டம் 1860 ஜூலை 24 அன்று நிறைவேறியது. டிரெவெலியனின் இடத்துக்கு வந்த ஹென்றி வார்டு சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் 2 அன்று, காலராவில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து ஜேம்ஸ் வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். புகையிலை வரி வரவில்லை. உரிம வரி நிலைக்கவில்லை. அடுத்து நிதிப் பொறுப்பேற்ற சாமுவேல் லெயிங் 1862இல் வருமான வரி விலக்கை 500 ரூபாயாக உயர்த்தினார். சிறு வருமானக்காரர்கள் மிகப் பலர். அவர்களிடமிருந்து வந்த பணம் மிகக் குறைவு. அவர்களைக் கணக்கெடுக்கப் போனவர்கள் செய்த தொல்லையோ மிக அதிகம். மோதர்பாவில் நாற்பது ஆண்டாகக் கண்ணெதிரே நடந்த அதே பாடம் வருமான வரியில் இரண்டே ஆண்டில் புரிந்துவிட்டது, ஏனென்றால் இம்முறை குறை சொன்னவர்களில் பத்திரிகை படிப்பவர்களும் இருந்தார்கள்.

1863 தொடக்கத்தில் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தவர், மீண்டும், டிரெவெலியன். தன்னைப் பதவியிழக்கச் செய்த வரியை நிர்வகிக்கும் பொறுப்பு அவர் கைக்கே வந்தது. 4 சதவீதத்தை 3 ஆக்கினார். ஐந்து ஆண்டுக்கென்று இயற்றிய சட்டம் 1865இல் முடிந்தபோது நீட்டிக்க மறுத்தார். அதற்கு ஈடாக ஏற்றுமதிப் பொருட்கள் சிலவற்றுக்குத் தீர்வை போட்டார். லண்டன் அதை ரத்து செய்தது. எந்த வரியும் வேண்டாம் என்பவருக்கும் எங்கிருந்தாவது பணம் வந்தாக வேண்டும் என்பதை அவர் கடைசி ஆண்டில் நேராகச் சந்தித்தார்.

மோதர்பா 1860களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அதை ஒழித்ததைக் கொண்டாட நெசவுத் தெருக்களில் எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள் என்பது வேறு விஷயம். பலர் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். லட்சுமிநரசு செட்டி 1868இல் மறைந்தார். வணிகத்தில் சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியைப் பொதுக் காரியங்களில் கரைத்துவிட்டு, கடைசி நாட்களை வறுமையில் கழித்தார். சென்னை மாகாணத்தில் வரியைப் பற்றிப் பேசும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்பதை முதலில் செயலில் காட்டியவர் அவர். சென்னையில் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

டிரெவெலியன் கேட்ட மாகாண உரிமைக்கு வருவோம். 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் சென்னைக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒன்பது ஆண்டு பிடித்தது. 1870 டிசம்பர் 14 அன்று மேயோ பிரபுவின் அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. சிறை, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை போன்ற துறைகள் மாகாணங்களின் பொறுப்பாயின. அவற்றுக்கென்று நிலையான மானியம் கிடைக்கும். போதாவிட்டால் மாகாணமே வரி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை உடனே செயலில் இறங்கியது. 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டம் நிலவரியின் மீது ரூபாய்க்கு ஓர் அணா வரை கூடுதல் வரியும், வீட்டு வரியும், சாலைச் சுங்கமும் விதிக்க வழி செய்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்காக வீட்டு வரி கேட்டபோது ஊர்கள் என்ன சொல்லின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)